கமால் பாயின் காற்று வண்டிக்கு அடியில் நான்

உங்கள் பட்டறைக்கு இப்போது காற்றில் நிற்கிற கார்கள் வாரத்துக்கு ஒன்றிரண்டு வருகின்றன என்று கேள்விப்பட்டேன். பின்பக்கம் இரண்டு ரப்பர் பைகள், அவற்றுக்குள் காற்று, அந்தக் காற்றின் மேல் கார். ஒரு பொத்தானை அழுத்தினால் ஏறுகிறது, இன்னொன்றை அழுத்தினால் இறங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அதைப் பற்றி ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். உயரத்தை எப்படித் திருத்துவது என்பதைக் கையேட்டில் படித்துக்கொள்ளுங்கள். அதில் என்னைவிடத் தெளிவாகவே எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட வண்டி ஒன்றின் அடியில் ஒரு முற்பகலில் அசைய முடியாமல் படுத்துக்கிடந்தவன் என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே தகுதி. அதை மட்டும் சொல்கிறேன்.

அறுபதுகளின் பிற்பகுதி. அந்தமானில், போர்ட் பிளேரில் அரசுப் பட்டறை ஒன்றில் நான் மெக்கானிக். எனக்குப் பெயர் என்று ஒன்று இருந்தாலும் ஊரில் எல்லாரும் கூப்பிட்டது ‘மிஸ்திரி’ என்றுதான். எங்களிடம் வந்த வண்டிகள் ஜீப்பும் லாரியும். எல்லாவற்றுக்கும் அடியில் இரும்புப் பட்டை ஸ்பிரிங். அதைத் தவிர வேறு எதன் மேலும் ஒரு வண்டி நிற்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஊரில் மின்னி பே என்கிற பகுதியில் கமால் பாய் என்று ஒரு வியாபாரி. ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். அரிசி, மிளகாய், துணி, ஆணி, அரிக்கேன் விளக்கு என்று எல்லாம் விற்பார். அவர் ஒருமுறை கல்கத்தா போனவர் ஏலத்தில் ஒரு அமெரிக்கக் காரை எடுத்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். நீளமான கார். எங்கள் ஊர் வளைவுகளில் ஒரே வீச்சில் திரும்பாது. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய்த்தான் திரும்பும். அதற்குள் எதிரே வருகிற மாட்டு வண்டிக்காரர் பீடி பற்றவைத்துப் புகைத்து முடித்துவிடுவார்.

அந்தக் கார் வந்து ஆறு மாதத்தில் பின்பக்கம் இறங்கிவிட்டது. முன்பக்கம் நிமிர்ந்தும் பின்பக்கம் தாழ்ந்தும், நாய் உட்கார்ந்திருப்பதைப் போல நிற்கும். மேட்டில் ஏறும்போது பின் பம்பர் தரையில் உரசி, கர்ரென்று தெரு முழுக்கக் கேட்கும். பாய் வருகிறார் என்பதைப் பஜாரில் எல்லாரும் அந்தச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டார்கள்.

ஒரு நாள் பாய் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“மிஸ்திரி, மெயின்லேண்டுலேர்ந்து ஒரு பெரிய ஆபீசர் வர்றாராம். ஊரைச் சுத்திப் பாக்க நல்ல கார் ஒண்ணு வேணுமாம். என் வண்டியக் குடுக்கிறேன்னு சொல்லிட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு யாரோ வந்து வண்டியப் பாப்பாங்க. அதுக்குள்ள பின்பக்கத்தத் தூக்கிக் குடுத்துரு.”

“ஸ்பிரிங் ஒடஞ்சிருக்கும் பாய். ஸ்பிரிங் இங்க கிடைக்காதே.”

“ஸ்பிரிங்கா? அரே, இதுல ஸ்பிரிங்கே இல்ல மிஸ்திரி. காத்து! காத்துல நிக்கிற வண்டி இது.”

சத்தியமாகச் சொல்கிறேன், காசுக்காக நான் போகவில்லை. காற்றில் ஒரு கார் எப்படி நிற்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்காது. ஆனால் வியாழக்கிழமை வேலை நாள். வெளி வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால் எங்கள் சூப்பரிண்டெண்ட் விடமாட்டார். ஆகவே புதன்கிழமை மாலை ஒரு விடுப்புக் கடிதம் எழுதினேன். மலேரியா, கடும் குளிர் ஜுரம், எழுந்து நிற்க முடியவில்லை என்று. எழுந்து நின்றபடியே அதை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

சூப்பரிண்டெண்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். வங்காளி. மதராஸில் நான்கு வருடம் படித்தவர். அவர் தமிழில் இந்தி கலந்திருக்கும், இந்தியில் வங்காளம் கலந்திருக்கும். கோபம் வந்தால் மட்டும் சுத்தமான ஆங்கிலம். அவருடைய பழுப்பு ஷூவில் ஒரு கால் கயிறு பழுப்பு, மறு கால் கயிறு கறுப்பு. உப்புக் காற்றில் ஒரு கயிறு இற்றுப்போய், அதே நிறத்தில் ஊரில் வேறு கிடைக்கவில்லை. லாரிக்கு அடியில் படுத்திருப்பவன் அந்த ஷூவைப் பார்த்தவுடனே வேகமாக வேலை செய்ய ஆரம்பிப்பான்.

வியாழன் காலை பாய் வீட்டு முற்றத்துக்குப் போனேன். காருடன் வந்த சிறு புத்தகத்தைப் பாய் எடுத்துக் கொடுத்தார். பாதிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. மிச்சத்தில் எனக்கு விளங்கியது இதுதான்: பின் அச்சுக்கும் கார் உடம்புக்கும் நடுவில் ஒரு சிறிய கம்பி. அந்தக் கம்பி ஒரு வால்வின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கார் தாழ்ந்தால் கம்பி அந்தக் கையை மேலே தள்ளும், வால்வு பைக்குள் காற்றை விடும், கார் ஏறும். கார் ஏறினால் கை கீழே வரும், காற்று வெளியேறும், கார் இறங்கும். கம்பியின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டினால் கார் எப்போதும் கொஞ்சம் உயரமாக நிற்கும். அவ்வளவுதான். ஒரு கம்பி, இரண்டு நட்டு. எச்சரிக்கை என்று ஒரு தலைப்பு இருந்தது. தலைப்புக்குக் கீழே இருந்ததைக் கரையான் தின்றுவிட்டது.

பாயின் டிரைவர் ராமய்யா காலையில் ஸ்டார்ட் செய்து என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டிருந்தார். அதனால் பின்பக்கம் அப்போது ஓரளவு உயர்ந்து நின்றது. பிறகு சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அணை கொடுத்தேன். எதை வைத்து என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். தேங்காய். முற்றத்தில் அதுதான் கிடந்தது.

ஜாக்கி வைக்கவில்லை. கட்டை வைக்கவில்லை. பின்பக்கமாக ஊர்ந்து உள்ளே போனேன். என் மரக் கருவிப் பெட்டியை இழுத்து இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதற்கும் சோம்பல்தான் காரணம். ஸ்பேனர் எடுக்க ஒவ்வொரு முறையும் கையை வெளியே நீட்ட வேண்டாம் என்று நினைத்தேன். இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது அந்தச் சோம்பலின் புண்ணியம்.

முதல் நட்டைக் கழற்றினேன். கம்பி வால்வின் கையிலிருந்து நழுவிக் கீழே தொங்கியது. வால்வின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கம்பி ஒன்றுதான் என்பது, அது நழுவிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வால்வின் கை தொப்பென்று கீழே சாய்ந்தது.

புஸ்ஸ்ஸ்ஸ்.

பாம்பு என்று நினைத்தேன். தலையைத் திருப்பிப் பாம்பைத் தேடினேன். அந்த நேரத்தில் கார் மெதுவாக, அவசரமே இல்லாமல், முட்டையின் மேல் கோழி உட்காருவதைப் போல என் மேல் உட்கார்ந்தது. அச்சின் மேல் ரப்பர் கட்டைகள் இருந்து அதைத் தடுத்திருக்க வேண்டும். உப்பிலும் வெயிலிலும் அவை எப்போதோ உதிர்ந்துபோயிருந்தன. காரின் அடிச்சட்டம், அதாவது சேசிஸ், வந்து என் கருவிப் பெட்டியின் மேல் நின்றது. பெட்டி ஒருமுறை முனகியது. சைலன்சர் குழாய் என் வயிற்றை அழுத்திக்கொண்டு நின்றது. மூச்சை உள்ளே இழுக்கலாம், முக்கால்வாசி. அதற்கு மேல் இடம் இல்லை.

“பாய்” என்றேன். கத்த முடியவில்லை. கத்துவதற்கு வயிறு வேண்டும்.

பாய் குனிந்து பார்த்தார். “என்ன மிஸ்திரி, ஏத்தச் சொன்னா இறக்கி வச்சிருக்கே?”

“மாட்டிக்கிட்டேன் பாய்.”

“யா அல்லா!” அவர் முகம் வெளுத்தது. “ஜாக்கி டிக்கியில இருக்கு. டிக்கி சாவி ராமய்யாகிட்ட. இரு, ஆள் அனுப்பறேன். அசையாத!”

அசைகிற நிலையில் நான் இருந்தால்தானே. பாய் வாசலுக்கு ஓடி, தெருவில் போன ஒரு பையனை டீக்கடைக்கு விரட்டினார். அங்கே ஒரு ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. யாரோ இறங்கினார்கள். பாய் யாருக்கோ சலாம் சொல்வது கேட்டது. பிறகு முற்றத்தில் இரண்டு ஷூக்கள் நடந்து வந்தன. ஒன்றில் பழுப்புக் கயிறு. ஒன்றில் கறுப்புக் கயிறு.

நாலு மணிக்கு யாரோ வருவார்கள் என்று பாய் சொன்னாரே, அந்த யாரோ எங்கள் சூப்பரிண்டெண்ட். நாலு மணிக்கு வர வேண்டியவர் வேறு வேலை முடிந்ததால் பதினோரு மணிக்கே வந்துவிட்டார்.

நான் செய்த முட்டாள்தனங்களிலேயே பெரியது கட்டை வைக்காதது என்று இதுவரை நினைத்திருப்பீர்கள். இல்லை. அடுத்துச் செய்ததுதான் பெரியது. நல்ல வேளை, விவரம் தெரிந்த மனிதர் வந்துவிட்டார் என்று கூப்பிட்டிருக்க வேண்டும். நானோ காருக்கு மறுபக்கம் வந்து குனிந்த பாயிடம், “பாய், அவர் எங்க சூப்பரிண்டெண்ட். நான் மலேரியால படுத்திருக்கேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். என் காலை மறையுங்க” என்று கிசுகிசுத்தேன்.

பாய்க்கும் அது பிடித்துப்போயிற்று. ஆள் மேல் உட்கார்ந்திருக்கிற காரைப் பெரிய ஆபீசருக்கு யார் வாடகைக்கு எடுப்பார்கள்? கண்மூடித் திறப்பதற்குள் முற்றத்தில் விரித்திருந்த கோரைப் பாயை இழுத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் இரண்டு கால்களின் மேலும் போட்டார். அந்தப் பாயில் காய்ந்துகொண்டிருந்தது மிளகாய் வற்றல்.

“பஹுத் லம்பா காடி” என்றார் சூப்பரிண்டெண்ட். ரொம்ப நீளமான வண்டி என்று. காரைச் சுற்றி நடந்தார். “பின்னாலே கொஞ்சம் நீச்சே, இறங்கி இருக்கு இல்லே?”

“அது டிசைன் சார். அமெரிக்காவுல இப்ப இப்படித்தான்.”

“இது என்ன மிர்ச்சி?”

“காய வச்சிருக்கேன் சார். வண்டிக்குக் கீழ சூடு நல்லா இருக்கும்.”

சூப்பரிண்டெண்ட் அந்தக் கோரைப் பாயைச் சுற்றிக்கொண்டு போனார். அவர் காலடியில் கிளம்பிய மிளகாய்த் தூள் நேராக உள்ளே வந்தது. மூக்கைப் பிடிக்க ஒரு கை வேண்டும். இரண்டு கைகளும் வால்வுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தன. அடக்கினேன். கண்ணில் நீர் வழிந்தது. இன்னும் அடக்கினேன். பிறகு தும்மினேன். நெஞ்சும் வயிறும் இரும்புக்கு அடியில் இருக்கும்போது தும்மினால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம். உயிர் காது வழியாகப் போய்த் திரும்பி வந்தது.

“யார் அது?” என்றார் சூப்பரிண்டெண்ட்.

“வண்டிதான் சார்” என்றார் பாய். “காத்து வண்டி. அப்பப்பத் தும்மும்.”

சூப்பரிண்டெண்ட் அதை நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் காற்று என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. அவரும் மெக்கானிக்காகத் தொடங்கியவர்தானே. “அச்சா! காத்து சஸ்பென்ஷனா? புக்குலே படிச்சேன். பார்த்தது இல்லே. பின்னாலே உட்கார்ந்தா எப்படி இருக்கும்?”

“மேகத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கும் சார்” என்றார் பாய். பழக்கம், வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. “ஆனா இப்ப வேண்டாம் சார். சீட்டு ஈரம். சீட்டு சூடு. ரெண்டும்.”

பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பழுப்புக் கயிறு போட்ட ஷூ தரையில் நின்றது. கறுப்புக் கயிறு போட்ட ஷூ மேலே போய் மறைந்தது. கார் ஒரு நூல் அளவு தாழ்ந்தது. என் இடுப்புக்குப் பக்கத்தில் கருவிப் பெட்டியின் மூடி டக்கென்று விரிந்தது.

வேலையா விலா எலும்பா என்று அந்த இடத்தில் ஒருவன் யோசிப்பான் என்று நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் யோசித்தேன். ஒரு நொடிதான், ஆனாலும் யோசித்தேன். விடுப்புக் கடிதத்தில் ‘எழுந்து நிற்க முடியவில்லை’ என்று எழுதியது எவ்வளவு உண்மையாகிவிட்டது என்று கூடத் தோன்றியது. பிறகு மூடி இரண்டாவது முறை டக்கென்றது.

“சார்! உட்காராதீங்க! கீழ நான் இருக்கேன்!”

ஷூ அப்படியே நின்றது. அதற்குப் பிறகு அந்த மனிதர் செய்ததைத்தான் நீங்கள் எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதறிக் குதிக்கவில்லை. பதறிக் குதித்திருந்தால் கார் ஆடியிருக்கும், பெட்டி போயிருக்கும். மேலே வைத்த காலை, பூனை காலை எடுப்பதைப் போல, சத்தமில்லாமல் எடுத்துத் தரையில் வைத்தார். கதவைச் சாத்தவில்லை, திறந்தபடியே விட்டார். வெள்ளைப் பேண்டோடு மிளகாய்க்கு நடுவில் குப்புறப் படுத்து, உள்ளே பார்த்தார். எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் இரண்டடி.

“நீ மலேரியா-வாலா இல்லே?”

“ஆமா சார்.”

“மூச்சு வருதா?”

“முக்கால் வருது சார்.”

“வண்டி எது மேலே நிக்குது?”

“பெட்டி மேல சார். மூடி விரிஞ்சிருச்சு.”

அதற்கு மேல் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழுந்தார். அதற்குள் டீக்கடையிலிருந்து ராமய்யா சாவியோடு ஓடி வந்தார். பக்கத்து மரமில்லில் வேலை செய்கிற நாலைந்து பேரும் கூட வந்தார்கள். ஆளுக்கொரு யோசனை. ராமய்யா என்ஜினை ஸ்டார்ட் செய்யலாம் என்றார். காற்று ஏறும், கார் தானாக எழும் என்றார். பாய் அதற்கு ஆமாம் போட்டார். மில்காரர்கள் பம்பரைப் பிடித்து எல்லாருமாகத் தூக்கிவிடலாம் என்றார்கள். காட்டு இலாகா யானை ஒன்று கப்பலுக்குப் போகிற வழியில் நிற்கிறது, கூட்டிவரட்டுமா என்று ஒருவர் கேட்டார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“யாரும் தொடாதே!” என்றார் சூப்பரிண்டெண்ட். எல்லாரும் ஒரு அடி பின்னால் போனது காலடிகளில் தெரிந்தது.

பிறகு ராமய்யாவிடம் நிதானமாகச் சொன்னார். “கம்பி கழண்டு கிடக்கு. நீ காத்து போடுவே, அது அதே ஓட்டையிலே போகும். சைலன்சர் எங்கே இருக்கு தெரியுமா? அவன் பேட் மேலே. வயிறு மேலே. என்ஜின் ஓடினா அவன் ரொட்டி ஆயிடுவான்.”

ரொட்டி என்று கேட்டதும் என் வயிறு தானாகவே ஒரு அங்குலம் உள்ளே போனது.

மில்காரர்களிடம் சொன்னார்: “தூக்கறது சுலபம். தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கறவன் தும்மினா? நம்ம வண்டியே தும்முது.”

பாயின் செருப்புகள் மெதுவாகக் கூட்டத்துக்குப் பின்னால் போய் மறைந்தன.

“முதல்லே கட்டை. பிறகுதான் ஜாக்கி.”

மில்லிலிருந்து படாக் மரத் துண்டுகள் வந்தன. அகலமானவை, கனமானவை, ஒருவர் இரண்டுக்கு மேல் சுமக்க முடியாதவை. சக்கரங்களுக்கு அடியில் என் தேங்காய்களைப் பார்த்த சூப்பரிண்டெண்ட் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார். அவற்றை எடுக்கவில்லை, அவற்றுக்குப் பக்கத்திலேயே மர ஆப்புகளை அடித்த பிறகுதான் எடுக்கச் சொன்னார். சேசிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் கட்டைகளைச் செருகி, எவ்வளவு இடைவெளி இருந்ததோ அவ்வளவையும் அடைத்தார். அதுவரை காரை ஒரு நூல்கூட உயர்த்தவில்லை. “இப்போ பெட்டி உடைஞ்சாலும் பரவாயில்லே” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான், மூடி அடுத்து எப்போது டக்கென்னும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன்.

ஜீப்பிலிருந்து ஒரு ஜாக்கி, டிக்கியிலிருந்து ஒரு ஜாக்கி. மண் தரையில் இறங்கிவிடாமல் இரண்டுக்கும் அடியில் பலகை. இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மெல்லிய பலகை உள்ளே போகும். ஏறிய உயரம் எதுவும் திரும்ப இறங்க வழியில்லாதபடி பலகைகள் ஏறின. எனக்கு அவசரமாக இருந்தது. அவருக்கு இல்லை. நடுவில் என்னிடம், “மலேரியாவுக்கு எந்த டாக்டரைப் பார்த்தே?” என்று கேட்டார். பதில் சொல்லத் தேவையான மூச்சு இல்லாததுபோல நடித்தேன்.

குழாய் வயிற்றை விட்டு எழுந்ததும் இரண்டு மில்காரர்கள் என் கணுக்கால்களைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். மிளகாய்ப் பாயின் மேலேயே இழுத்தார்கள். வெளியே வந்தபோது தலையிலிருந்து கால்வரை மிளகாய் ஒட்டியிருந்தது. ஊறுகாய்க்குத் தயாராக இருந்தேன். வயிற்றில் குழாயின் அச்சு குறுக்காகச் சிவந்திருந்தது. எலும்பு எதுவும் போகவில்லை.

எழுந்து நின்று, “காய்ச்சல் இறங்கிருச்சு சார்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். பயத்தில் வாய் எதையாவது சொல்லும்.

“காய்ச்சல் இறங்கலே. கார்தான் இறங்கிச்சு” என்றார்.

அப்போதுதான் அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். சுத்தமான ஆங்கிலம், பத்து நிமிடம். பாய் எனக்காகப் பரிந்து பேச வந்து, முதல் சொல்லிலேயே திரும்பிப் போனார். பத்தாவது நிமிட முடிவில் சூப்பரிண்டெண்ட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “ஸ்பேனர் கொடு” என்றார்.

ஆமாம், வேலையை முடித்துவிட்டுத்தான் போனோம். கார் கட்டைகளின் மேல், பைகளில் காற்றே இல்லாமல், வலுவாக நிற்கும்போதுதான் கம்பியைத் தொட்டோம். நீளத்தைக் கூட்டி மாட்டினோம். எல்லாரும் வெளியே வந்த பிறகே ராமய்யா என்ஜினைத் தொட்டார். பிறகு கட்டைகளை எடுத்து, சமதரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை இரண்டு பக்கமும் அளந்தோம். ஆள் ஏறினால் எப்படி நிற்கிறது என்று பார்க்க மூன்று மில்காரர்களைப் பின் சீட்டில் உட்கார வைத்தோம். கார் கொஞ்சம் தாழ்ந்து, பெருமூச்சு விட்டு, மறுபடி தன் உயரத்துக்கு வந்தது. அளந்தோம், சரியாக இருந்தது, இறங்கச் சொன்னோம். அவர்கள் இறங்கவில்லை. “இன்னொரு தடவை அளந்து பாருங்க மிஸ்திரி” என்றார்கள். நாலு தடவை அளந்தேன். கடைசியில் பாய் அவர்களை ஃபீனிக்ஸ் பே படகுத்துறைவரை ஒரு சுற்று கூட்டிப் போய்த்தான் இறக்கிவிட முடிந்தது. பெரிய ஆபீசர் அதே காரில்தான் ஊர் சுற்றினார். தும்மவே இல்லையே என்று பாயிடம் யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

அன்று மாலை சூப்பரிண்டெண்ட் என் விடுப்புக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கோப்பில் வைத்துக்கொண்டார். என் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்று என் மனைவியிடம், மலேரியா, நாலு நாள் கஞ்சி மட்டும், மீன் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் காய்ச்சல் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். என்ன நடந்தது என்று சொன்னால் அழுவாள், சொல்லாவிட்டால் கஞ்சி. கஞ்சியைக் குடித்தேன். அந்த நாலு நாளும் பக்கத்து வீட்டில் மீன் குழம்பு.

ஐந்தாம் நாள் வேலைக்குப் போனேன். பட்டறையில் இருந்த எல்லாரையும் வேலையை நிறுத்தி வரிசையாக நிற்க வைத்திருந்தார். “சொல்லு” என்றார்.

“எதை சார்?”

“எல்லாத்தையும். தேங்காயிலேர்ந்து.”

சொன்னேன். தேங்காய், கம்பி, மிளகாய், தும்மல், காலை மறைக்கச் சொன்னது எல்லாம். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரித்தார்கள். தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. சிரிப்பு அடங்கியதும் சூப்பரிண்டெண்ட், “வேறே யாருக்காவது இப்படி ஆச்சா?” என்று கேட்டார். பதில் வராமல் போவதில்லை என்று ஒரு பீப்பாயின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் ஸ்டோர்கீப்பர் தொண்டையைக் கனைத்தார். டயர் அடுக்கு சரிந்து தன் மேல் விழுந்து, நடுவில் தலை மட்டும் தெரிய ஒரு மணி நேரம் நின்றதாகச் சொன்னார். யாராவது எட்டிப் பார்த்தபோதெல்லாம் டயர் எண்ணுவதுபோல வாயசைத்தாராம். வெல்டிங் வேலை செய்பவர், ஒருநாள் உச்சிவெயிலில் ஜீப்புக்கு அடியில் தூங்கியபோது ஜீப் நகர்ந்து லுங்கியின் மேல் ஏறிவிட்டது என்றார். லுங்கியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாராம். மறுபடி சிரிப்பு.

பிறகு எங்களில் மூத்த மெக்கானிக் தன் இடது கையை உயர்த்தினார். அதில் ஒரு விரல் பாதிதான் இருக்கும். சிற்றோடையில் முதலை கடித்தது என்று அவர் சொல்லி நாங்கள் எல்லாரும் பல வருடமாக நம்பியிருந்தோம். புதிதாக வருபவர்களுக்கு அந்த முதலையின் நீளத்தைக்கூட நாங்களே சொல்வோம். “முதலை இல்லை” என்றார். “ஜாக்கி. நழுவிருச்சு. அப்ப சொல்ல வெட்கமா இருந்துச்சு.”

“எந்த ஜாக்கி?” என்றார் சூப்பரிண்டெண்ட்.

அவர் மூலையைக் காட்டினார். அந்த ஜாக்கி அங்கேயே இருந்தது. நாங்கள் எல்லாரும் தினமும் எடுத்துப் பயன்படுத்துகிற ஜாக்கி. முந்தின வாரம் அதை வைத்துத் தூக்கிய லாரியின் அடியில் நான் படுத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் போய் அதை எடுத்து வந்து, அதன் இரும்புப் பல் தேய்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்கள். சம்மட்டியால் அடித்து உடைத்து, இரும்புக் குப்பையில் போட்டோம். எனக்கு நான்கு நாள் கஞ்சி ஏன் என்று அப்போதும் விளங்கவில்லை. ஐந்தாம் நாள் என்னை ஏன் பேச வைத்தார் என்பது விளங்கிவிட்டது.

எல்லாரும் கலையும்போது வெல்டிங்காரர் கொஞ்சம் துணிச்சலாக, “சார், உங்களுக்கு எதுவும் ஆனதே இல்லையா?” என்று கேட்டார்.

சூப்பரிண்டெண்ட் யோசித்தார். பீப்பாயின் மேல் உட்கார்ந்தபடியே பேண்டை முழங்கால்வரை சுருட்டினார். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை நீளமான தழும்பு. நாங்கள் எல்லாரும் மரியாதையோடு கிட்டே போனோம்.

“லாரியா சார்?” என்றேன்.

“சைக்கிள்” என்றார். “அதுவும் நின்னுட்டு இருந்த சைக்கிள்.”